கொக்கி எத்தனை என்று கேட்கத் தெரியாத தமிழ்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். கைத்தறியின் அழிவைப் பற்றிப் பேச்சு வந்தது. பேசியவர் நல்ல வாசகர். குரல் வளமும் உடையவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பூ வரைந்த விரல்களைக் கணினி வந்து வெட்டிவிட்டது என்றார். அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம் என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறோம். இக்கட்டுரையில் வரும் வசவுகளில் பாதி நமக்கே உரியவை.

மறுநாள் வந்தவாசிக் கடைத்தெருவில் ஒரு வடிவமைப்புக் கடைக்குச் செல்ல நேர்ந்தது. வந்தவாசி என்றதும் பாடநூல் படித்தவர்க்கு 1760ஆம் ஆண்டுப் போர் நினைவுக்கு வரும், மற்றவர்க்குக் கோரைப்பாய். நாம் சொல்லும் கடை இரண்டுக்கும் தொடர்பில்லாதது. கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் பேனர், மஞ்சள்நீராட்டு அழைப்பிதழ் ஆகியவையே அதன் அன்றாடப் பிழைப்பு. அவற்றோடு ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறிகளுக்கு முந்தி, கரை, புட்டா உருக்களையும் அங்குள்ள இளைஞர் போட்டோஷாப்பில் வரைந்து தருகிறார். நாம் போனபோது அவர் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். திரையில் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஹேங் ஆயிடுச்சு சார். ஒரு கோடு போட்டா ரெண்டு நிமிஷம் ஆவுது" என்றார்.

நான்கு நாளாக இதே கதை. முதல் நாள் கணினி பழுது பார்ப்பவர் வந்து எல்லாவற்றையும் அழித்து 'பார்மேட்' செய்துவிட்டுக் கூலி வாங்கிப் போனார். இரண்டாம் நாள் ராம் கூட்ட வேண்டும் என்றார். மூன்றாம் நாள், இந்தப் பெட்டியே தேறாது, புதிது வாங்குங்கள் என்றார். இதற்கிடையில் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தறியில் பாவு ஏற்றி, உடல் நெய்து முடித்து, முந்தியின் உருவுக்காக நெசவாளர் காத்திருந்தார். தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. தாமதம் யாருடையதாயினும் அதன் விலையைக் கொடுப்பவர் அவர்தாம். முதல் நாள் மேடையில் நாம் கைதட்டியது அவருடைய துயரத்துக்காகத்தான் என்பது அப்போது உறைத்தது. அவருக்கு அன்று தேவைப்பட்டதோ கைதட்டல் அன்று.

நாம் கணினி வல்லுநர் அல்லர். தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர். ஆண்டுதோறும் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை வகுப்பில் நடத்துகிறோம். முதலில் நோயைத் தெரிந்துகொள், பிறகு அதன் காரணத்தைத் தெரிந்துகொள், வைத்தியம் அப்புறம் என்பதை விளக்கிச் சொல்லித் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணும் வைக்கிறோம். அந்த மூன்று நாள் வைத்தியத்தில் யாரும் நோயைப் பார்க்கவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரிந்தது.

கணினி தன் நோயைத் தானே சொல்லும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகை திறக்கும். எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை அது விழுக்காட்டில் காட்டும். வேலை மெதுவாகும் அந்தக் கணத்தில் அதைப் பார்க்க வேண்டும். வேலை நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை. பார்த்தோம். கணக்கிடும் செயலி ஏறத்தாழச் சும்மா இருந்தது. நினைவகம் நிரம்பி வழிந்தது. வன்தட்டு நூறு விழுக்காட்டில் திணறிக்கொண்டிருந்தது. இதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். நினைவகம் என்பது வேலை செய்யும் மேசை. வன்தட்டு என்பது பரண். மேசையில் இடம் போதாதபோது போட்டோஷாப் சில பொருள்களைப் பரணில் ஏற்றிவைக்கும். வேண்டும்போது ஏணி வைத்து ஏறி எடுத்துவரும். இதற்கென்று அது ஒதுக்கிக்கொள்ளும் பரணுக்குத்தான் 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்று பெயர். மேசை நிரம்பிவிட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முறை பரண் ஏற வேண்டும். செயலி சும்மா இருந்ததன் பொருள் அதுவே: சமையற்காரர் அடுப்பருகில் தயாராக நிற்கிறார், பரணேறிய பையன் இன்னும் இறங்கவில்லை. இந்நிலையில் வேகமான புதிய செயலி வாங்கினால், மேலும் திறமையான சமையற்காரர் அதே பையனுக்காகக் காத்திருப்பார்.

அந்த இளைஞர் சும்மா இருந்தவரும் அல்லர். தமிழில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து, போட்டோஷாப்பின் அமைப்பில் நினைவகப் பங்கை நூறு விழுக்காட்டுக்கு உயர்த்தி வைத்திருந்தார். நிறுவும்போது அது ஏறத்தாழ 70 விழுக்காட்டில் இருக்கும். நூறாக்கினால் மேசை முழுவதும் போட்டோஷாப்புக்கு. விண்டோஸுக்கு நிற்க இடமில்லை. அதுவும் தன் மூட்டைகளைப் பரணில் ஏற்றத் தொடங்கும். ஒரே ஏணி, இரண்டு பேர். எந்தப் பொத்தானை எங்கே நகர்த்துவது என்று காணொளி சொல்லியிருந்தது. ஏன் நகர்த்துவது என்று சொல்லவில்லை.

ஆனால் இவையெல்லாம் மேற்பூச்சு. மேசை ஏன் நிரம்பியது?

இளைஞர் திறந்துவைத்திருந்தது ஒரு முந்தி. நீளம் ஒரு மீட்டர், அகலம் 1.2 மீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தொடங்கியிருந்தார். "பிரிண்டுக்கு 300 வைக்கணும்னு கத்துக்கிட்டேன் சார்." உண்மைதான், கையில் வைத்துப் பார்க்கும் கல்யாணப் பத்திரிகைக்கு அதுவே முறை. கணக்குப் போட்டோம். 11,811க்கு 14,173 புள்ளிகள். பெருக்கினால் 16 கோடியே 74 இலட்சம். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக 50 கோடி பைட்டுக்கு மேல். அது ஓர் அடுக்குக்கு. அவரிடம் முழுப் பரப்பையும் நிரப்பும் அடுக்குகள் பன்னிரண்டு இருந்தன. 600 கோடி பைட். அதன் மேல், செய்த வேலையைப் பின்னோக்கித் திருப்புவதற்காகப் போட்டோஷாப் நினைவில் வைத்திருக்கும் முந்தைய நிலைகள் வேறு. கடைக் கணினியின் நினைவகமோ 8 ஜிபி, அதாவது எண்ணூறு கோடியைச் சற்றே தாண்டும். அதிலும் விண்டோஸின் பங்கு போக வேண்டும். கணினி மெதுவானதில் வியப்பில்லை, நின்றுவிடாமல் இருந்ததுதான் வியப்பு.

இந்தக் கணக்கோடு நாம் பெருமிதமாக நிமிர்ந்தபோது, கடைக்காரர் ஆரணியிலிருந்து அழைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பதாண்டுக் காலம் கிராஃப் தாளில் உரு வரைந்தவர். மேடைப் பேச்சின்படி விரல் வெட்டப்பட்டவர். திரையைப் பார்த்தார், எங்கள் தாளில் இருந்த கோடிகளைப் பார்த்தார், இளைஞரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தறியில எத்தனை கொக்கி தம்பி?"

இளைஞருக்குத் தெரியவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஜக்கார்டுப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு கொக்கியும் தனக்குரிய பாவு இழைகளைத் தூக்கும், அல்லது தூக்காது. மூன்றாவது நிலை கிடையாது. ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி ஏறும், இல்லையேல் கிடக்கும். கிராஃப் தாளில் குறுக்கே எண்ணினால் கொக்கி, நெடுக்கே எண்ணினால் ஊடை. ஒரு கட்டம் என்பது ஒரு கொக்கியும் ஓர் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். பேச்சுக்கு 480 கொக்கி, 600 ஊடை கொண்ட ஓர் உரு என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கட்டங்கள் 2,88,000. ஏறும், ஏறாது என்னும் இரண்டே விடை என்பதால் கட்டத்துக்கு ஒரு பிட் போதும். அப்படியானால் முழு உருவும் 36,000 பைட். வசதிக்காகக் கட்டத்துக்கு ஒரு பைட் வைத்து நிறக் குறியீட்டோடு சேமித்தாலும் 2,88,000. முந்தியில் இப்படிப் பத்து வெவ்வேறு உரு இருந்தாலும் முப்பது இலட்சம் பைட்டைத் தொடாது. அகலத்தில் திரும்பத் திரும்ப வருவதைத் தறியே பார்த்துக்கொள்ளும். இளைஞர் சுமந்துகொண்டிருந்ததோ 600 கோடி. தறிக்குத் தெரியாத, தறியால் நெய்யவே முடியாத நுணுக்கங்களைக் கணினி மூச்சுத் திணறச் சுமந்துகொண்டிருந்தது.

பெரியவர் மேலும் ஒன்று சொன்னார். பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் ஒன்றல்ல. அதனால்தான் பழைய கிராஃப் தாளில் கட்டம் எப்போதும் சதுரமாக இராது. நெருக்கத்துக்கு ஏற்ற தாளை எடுத்தால்தான் வட்டம் வட்டமாக விழும். இல்லையென்றால் மயில் வாத்தாகிவிடும் என்றார். இளைஞர் சிரிக்கவில்லை. சென்ற மாதம் ஒரு மயில் அப்படி ஆகித் திரும்பி வந்திருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பிறகு வேலை எளிதாகிவிட்டது. கொக்கிக்கு ஒரு புள்ளி, ஊடைக்கு ஒரு புள்ளி என்று புதிய கோப்பு திறக்கப்பட்டது. தூரிகைக் கருவிக்குப் பதிலாகப் பென்சில் கருவி. தூரிகை தன் ஓரங்களை மென்மையாக்கி இடைநிறங்களை உண்டாக்கும். கொக்கியைப் பாதி தூக்க முடியாதே! படத்தைச் சிறிதாக்கும்போதும் அதே எச்சரிக்கை தேவை: அருகிலுள்ள புள்ளியை அப்படியே எடுக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறையில் சுருக்கினால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், வேறு முறையில் சுருக்கினால் சாம்பல் நிறங்கள் நூறு முளைக்கும். சேலை வாங்குபவர் கைப்பேசியில் பார்த்து மகிழ்வதற்கு வேறொரு கோப்பு, அளவில் சிறியது, நிறத்தில் முழுமையானது. காட்டுவதற்கு ஒன்று, நெய்வதற்கு ஒன்று. நினைவகப் பங்கு பழையபடி 70க்கு வந்தது. கடைக்காரர் காசு செலவழிக்கவில்லை. அன்று மாலையே உரு ஆரணிக்குப் போயிற்று.

எல்லா மந்தமும் இதுவே என்று யாரும் கொள்ள வேண்டாம். சி டிரைவ் நிரம்பிப் பரணே இல்லாமற்போவது உண்டு. தட்டு சுழலும் பழைய வன்தட்டு உண்டு. அதற்கு எஸ்எஸ்டி மாற்றினால் உண்மையாகவே பலன் தெரியும். 32 பிட் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, அதனால் தொடவே முடியாத ராமைக் கூட்டுவோர் உண்டு. நம் பக்கத்துக் கோடையில் தூசியடைந்த விசிறியோடு சூடேறி, தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் செயலியே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பலகையில் வேறு வேறு முகம் தெரியும். பார்க்கத்தான் வேண்டும்.

இனி நம் வழக்குக்கு வருவோம்.

கணினி கைவினையைக் கொன்றது என்பது மேடைக்கு உகந்த வாக்கியம். அக்கடையில் நாம் கண்டது அதற்கு நேர் எதிரானது: கைவினையின் அறிவு வந்து சேராததால் கணினி செத்துக்கொண்டிருந்தது. கிராஃப் தாளுக்கும் கணினிக்கும் பகை என்று யார் சொன்னது? லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய துளையட்டைதான், பிற்பாடு சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கு எடுத்துக்கொண்ட அட்டை. ஜக்கார்டின் உருவப்படத்தையே 24,000 அட்டைகளால் பட்டில் நெய்தார்கள். அதில் ஒன்றைப் பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். அந்தப் பொறி இயற்கணிதத்தை நெய்வது, தறி பூவையும் இலையையும் நெய்வதைப் போன்றதே என்னும் கருத்தை அடா லவ்லேஸ் 1843இல் எழுதினார். துளை உண்டு, துளை இல்லை என்பதையே நெடுங்காலமாக அட்டையில் குத்திக்கொண்டிருந்த ஆரணிக்காரருக்குக் கணினியின் அடிப்படையை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அவருக்கும் அந்த இளைஞருக்கும் நடுவில் ஒரு பக்கத் தமிழ் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை எழுதியிருக்க வேண்டியவர் யார்? இரங்கற்பா எழுதிக்கொண்டிருந்த நாம்.

நாம் சும்மா இருக்கவில்லை, கலைச்சொல் படைத்தோம் என்பார்கள். படைத்தோம். மென்பொருள், வன்பொருள், நினைவகம், செயலி எல்லாம் நல்ல சொற்களே. அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் சொற்குவை போன்ற முயற்சிகள் இன்றும் திரட்டுகின்றன. குறை சொற்களில் இல்லை. 'பிக்சல்' என்பதைப் படப்புள்ளி என்பதா, படவணு என்பதா என்று மூன்று மணி நேரம் வாதிடுவோம். ஒரு முந்திக்கு எத்தனை படப்புள்ளி போதும் என்று மூன்று வரி எழுத மாட்டோம். செங்கல் அறுத்து அடுக்கிக்கொண்டே இருக்கிறோம், சுவர் எழுப்பும் எண்ணம் இல்லை.

இத்தனைக்கும் விளக்கவுரை என்பது தமிழுக்கு அயலான சரக்கா? இளம்பூரணர் தொடங்கி உரையாசிரியர்கள் செய்தது என்ன? ஒரு நூற்பாவை எடுத்து, சொல்லுக்குப் பொருள் சொல்லி, எடுத்துக்காட்டுத் தந்து, மாணவன் எங்கே இடறுவான் என்று முன்கூட்டியே அறிந்து அந்த ஐயத்தைத் தாமே எழுப்பி விடையும் கூறினார்கள். ஓர் இயந்திரத்தின் பழுதை விளக்குவதற்கு இதைவிடச் சிறந்த உரைநடை வடிவம் எங்கே இருக்கிறது? அந்த மரபை முதுகலையில் நான்கு தாளாகப் படித்துவிட்டு, பேராசிரியரின் நடைக்கும் நச்சினார்க்கினியரின் நடைக்கும் வேறுபாடு எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, அந்நடையில் நாமே ஒன்றை விளக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

இலக்கிய இதழின் வேலை இதுவன்று என்று நண்பர்கள் சொல்லக்கூடும். பெ.நா. அப்புசாமி அப்படி எண்ணவில்லை; சங்கப் பாடல்களில் தோய்ந்த அவர்தாம் வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். கோவையிலிருந்து 1948இல் 'கலைக்கதிர்' தொடங்கியவர்கள் எண்ணவில்லை. கவிஞரான பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்துதான் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. சுஜாதா கணினியைப் பற்றி எழுதியபோது சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் அதை வெகுஜனச் சரக்கென்று ஒதுக்கினோம். ஒதுக்கிய கையோடு அதைவிட மேலான ஒன்றை எழுதிக் காட்டினோமா என்றால் இல்லை. இப்போதுதான் காணொளிகள் ஆயிரம் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். இருக்கின்றன, அவற்றைச் செய்வோரின் உழைப்பை நாம் இகழவில்லை. நமக்கு முன்பே, நம்மை எதிர்பாராமல், தமிழில் சொல்ல முனைந்தவர்கள் அவர்கள். ஆனால் நூறு விழுக்காடு என்னும் தவற்றைக் காணொளியில் அடித்துத் திருத்த முடியாது, ஓரத்தில் குறிப்பெழுத முடியாது, நடுவிலுள்ள ஒரு வரியைத் தேடி எடுப்பதும் எளிதன்று. எழுத்தில் இவை மூன்றும் கூடும்.

இன்னொரு குற்றமும் நம் கணக்கில் உண்டு. அது நேரடியாக இதழ் நடத்துவோர்க்கும் நூல் வெளியிடுவோர்க்கும் உரியது. அந்த இளைஞரின் கணினியில் எழுத்துருக்களின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். உருட்டிக்கொண்டே போகலாம். பெரும்பாலானவை தமிழ். ஒரு பதிப்பகத்துக்கு ஓர் எழுத்துரு, ஒரு கவிஞருக்கு வேறொன்று. பாமினிக் குறியீட்டில் வரும் ஒரு கோப்பு, டாம் குறியீட்டில் ஒன்று, டிஸ்கியில் ஒன்று, பெயர் தெரியாத ஏதோ ஒரு நிறுவனத்தின் குறியீட்டில் இன்னொன்று. எதை அழித்தாலும் நாளை யாராவது ஒருவர் அதே எழுத்துருவில் கட்டுரைத் தொகுப்போடு வந்து நிற்பார் என்று எதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார். வடிவமைப்பு மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இந்தப் பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும். எழுத்துக் கருவியைத் தொட்டால் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு மாதிரி வரைந்து காட்ட முற்படும். பழுதான ஓர் எழுத்துரு நடுவில் கிடந்தால் அங்கேயே நின்றும் விடும்.

தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் அதனுடன் டேஸ்-16ஐயும் ஏற்றது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, ஒருங்குறி அறியாதது. 2012இன் இன்டிசைன் சிஎஸ்6இலிருந்து இந்திய மொழிகளை ஒருங்குறியில் கோக்கும் வசதி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய குறியீட்டில் தட்டச்சிட்ட படைப்புகளை அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் யார்? தமிழ் ஒருங்குறியின் குறைகளைப் பற்றி நான்கு கட்டுரை எழுதியவர்களே அந்த நான்கையும் பழைய எழுத்துருவில் தட்டி அனுப்பியதை நாம் அறிவோம். இதழ் தாமதமானால் தலையங்கத்தில் "கணினிக் கோளாறு" என்று ஒரு வரி போடுவோம். கோளாறு கணினியில் இல்லை என்று வடிவமைக்கும் பெண்ணுக்கோ பையனுக்கோ தெரியும். நாம் கவிஞர்கள் என்பதால் மரியாதைக்குச் சொல்லாமல் இருக்கிறார்கள். அந்தக் கடையில் எழுத்துருக்களைப் பிரித்து, அன்றாடம் வேண்டிய இருபதை மட்டும் நிறுவி, மற்றவற்றைத் தனி உறையில் போட்டு வைத்தபோது மென்பொருள் திறக்கும் நேரம் கண்ணெதிரே குறைந்தது.

நாம் விடைபெறும்போது பெரியவர், தம் வீட்டில் பழைய கிராஃப் தாள்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன என்றார். ஓரங்களில் கொக்கிக் கணக்கும் ஊடைக் கணக்கும் தம் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறாராம். சென்ற ஞாயிறு ஆரணிக்குப் போய் முதல் கட்டைப் படமெடுத்து வந்தோம். தட்டச்சு செய்யத் தொடங்கியாயிற்று, ஒருங்குறியில்தான். பதினோராவது தாளின் ஓரத்தில் அவர் போட்டிருக்கும் ஒரு குறியீடு நமக்கும் விளங்கவில்லை, வந்தவாசி இளைஞருக்கும் விளங்கவில்லை. வரும் ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும்.